ஓகஸ்டில் அளந்த ஊற்று

இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசன். நாலு லயம் (தொழிலாளர் இருக்கிற வரிசை வீடுகள்), 62 குடும்பம், கைக்குழந்தை முதல் கிழவி வரை கிட்டத்தட்ட 270 பேர். லயத்து இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) நின்றாலே கீழே மவுஸாக்கலை நீர்த்தேக்கம் விரிந்து கிடப்பது தெரியும். 1969இல் அந்த அணை வந்தபோது பழைய மஸ்கெலியா பட்டணம் கோயிலோடும் பள்ளிவாசலோடும் தண்ணீருக்குள் போனது. அந்தத் தண்ணீரில் நாட்டுக்கு மின்சாரம் எடுக்கிறார்கள். மேலே இருக்கிற இந்த லயங்களுக்கோ 2017 வரை குடிக்கிற தண்ணீர் பீலியில்தான்.

இங்கே வெளிநாட்டுத் தொண்டர்கள் வந்து குழாய்த் தண்ணீர் போட்டுக் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் அது நின்றுபோனது. அப்புறம் திரும்ப ஓடியது, இன்றைக்கும் ஓடுகிறது. ஏன் நின்றது, எதைச் செய்த பிறகு ஓடியது என்பதை நடந்தபடியே எழுதுகிறேன். முதல் தடவை நான் மொழிபெயர்ப்பாளராகப் போனேன். நடந்த தவறில் பெரிய பங்கு என்னுடையது. தோட்டத்தின் பெயரைக் குடும்பங்கள் எழுத வேண்டாம் என்றார்கள், அதனால் விட்டிருக்கிறேன்.

பீலி

மலையகத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். மலைச்சரிவில் கசிகிற ஊற்றுக்கு ஒரு மூங்கிலையோ இரும்புக் குழாயையோ சொருகி, தண்ணீர் விழுகிற மாதிரி வைத்திருக்கும் இடம்தான் பீலி. இந்த டிவிசனுக்கு இரண்டு. கீழ் லயத்துக்குப் பக்கத்தில் இருப்பது குளிக்க, துவைக்க. குடிக்கிற தண்ணீருக்குத் தேயிலை மலைக்கு நடுவே படியேறிப் போக வேண்டும். வெறுங்கையோடு ஏற எனக்குப் பத்து நிமிஷம் பிடித்தது. நிறைந்த கேனோடு, மழையில் வழுக்கும் படியில் இறங்குவது வேறு கணக்கு.

காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு முன்னால் ஒரு நடை. சாயங்காலம் பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து இரண்டு நடை. எண்ணெய் வந்த மஞ்சள் கேன், ஒவ்வொன்றும் 20 லீட்டர். கைப்பிடி உள்ளங்கையை அறுக்காமல் இருக்கப் பழைய சேலைத் துண்டைச் சுற்றியிருப்பார்கள். அந்தத் துணியின் நிறத்தை வைத்துத்தான் எது யார் கேன் என்று வரிசையில் தெரியும். விடிய நாலரை மணிக்கு ஆள் வருவதற்கு முன்னால் கேன் வந்து வரிசையில் நிற்கும். அதை யாரும் தள்ளி வைக்க மாட்டார்கள். பகல் முழுக்கக் கூடை சுமந்த அதே தோளும் இடுப்பும்தான் இந்தத் தண்ணீரையும் சுமக்கிறது. ஆம்பிளைகள் தூக்குவதை நான் கண்டது ரொம்பக் குறைவு.

தொண்டர்கள் வந்த மாதம்

2017 ஜூலைக் கடைசியில் எட்டுப் பேர் வந்தார்கள். ஐரோப்பாவில் பல்கலைக்கழகங்களுக்கு நீண்ட லீவு அந்தக் காலத்தில்தான். ஒருவர் பொறியியல் படித்து முடிக்கப் போகிறவர். இன்னொருவர் ஐம்பதைத் தாண்டிய குழாய் வேலைக்காரர். லண்டனில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை ஒருத்தியும் வந்திருந்தாள். வீட்டில் பேசுகிற தமிழ் அவளுக்குப் புரியும், தோட்டத்துப் பேச்சு வேகமாக வந்தால் பிடிபடாது. மிச்சப் பேர் மாணவர்கள். டிக்கெட்டுக்கு அவரவர் காசு, பைப்புக்கும் சீமெந்துக்கும் ஊரில் சேர்த்த காசு. வாகனம் ஏறாத மலைக்கு 50 கிலோ சீமெந்து மூட்டையைப் பாதிப் பாதியாகப் பிரித்துச் சாக்கில் போட்டுத் தலையில் ஏற்றினார்கள். அட்டை கடித்து இரத்தம் ஒழுக ஒழுக வேலை செய்தார்கள். அவர்களுடைய உழைப்பில் நான் ஒரு குறையும் காணவில்லை.

அந்தக் குழாய் வேலைக்காரர் முன்பு பசிபிக் தீவுகளில் மழைநீர்த் தொட்டி கட்டியவர். அவர் சொன்னதை அன்றைக்குக் கதையாகத்தான் கேட்டேன். பவளத் தீவுகளில் ஆறும் இல்லை, ஓடையும் இல்லை. பெய்கிற மழை மண்ணுக்குள் இறங்கி, கடல் தண்ணீருக்கு மேலே ஒரு மெல்லிய படையாக மிதக்கும். கிணற்றில் கொஞ்சம் அதிகம் இறைத்தால் உப்பு ஏறிவிடும். அதனால் அங்கே கூரையிலிருந்து வருகிற தண்ணீர்தான் உயிர். ஒரு தீவில் போய் இறங்கினால் அவர் முதலில் கேட்பது, கடைசியாக மழை பெய்து எத்தனை நாள் ஆகிறது என்பதைத்தான். மஸ்கெலியாவில் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. நாங்கள் இருந்த மூன்று கிழமையும் மழை விடவே இல்லை.

மூன்றாம் நாள் மேல் ஊற்றை அளந்தோம். 20 லீட்டர் வாளி 12 விநாடியில் நிறைந்தது. அப்படியென்றால் நிமிஷத்துக்கு 100 லீட்டர், ஒரு நாளைக்கு 144,000 லீட்டர். 270 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 500 லீட்டருக்கு மேல். பொறியியல் மாணவர் அதைக் கொப்பியில் எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டார்.

பக்கத்திலேயே ஒரு அம்மாயி கேன் பிடித்துக்கொண்டிருந்தார். எழுபது வயதிருக்கும், பேர் பதிந்த வேலையிலிருந்து ஓய்வெடுத்த பிறகும் கைக்காசுக்கு மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகிறவர். வாளியையும் மணிக்கூட்டையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: “இப்ப எங்கிட்டுப் பாத்தாலும் தண்ணிதான் தம்பி. பழைய கோயில் தெரியிறப்ப வந்து பாருங்க.”

“சரி அம்மாயி, வர்றோம்” என்றேன். மற்றவர்கள் என்ன என்று கேட்டதற்கு, பழைய கோயிலைப் பார்க்க வரச் சொல்கிறார் என்று மொழிபெயர்த்தேன். எல்லோரும் அவரைப் பார்த்துச் சிரித்து நன்றி சொன்னார்கள். அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். கேனைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

நான் பதுளைப் பக்கத்து ஆள். எங்கள் பக்கம் ஜூனிலிருந்து செப்டெம்பர் வரை கச்சான் என்கிற வரண்ட காற்றும் வெயில் காய்ச்சலும். ஊவாத் தேயிலைக்குப் பேர் வாங்கித் தருகிற வாசனை அந்தக் காய்ச்சலில்தான் ஏறுகிறது. அதே மாதங்களில் ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியாப் பக்கம் தென்மேல் பருவமழை கொட்டும். அவர்களுக்கு வரட்சி ஜனவரியிலிருந்து மார்ச் வரை. மலையகம் ஒன்றுதான், நடுவில் ஒரு மலைத்தொடர் நிற்கிறது, அதனால் காலண்டர் இரண்டாகிறது. இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆனால் வரட்சியில் மவுஸாக்கலை வற்றினால் மூழ்கிய பழைய கோயில் வெளியே தெரியும் என்பதும், மேல் டிவிசன் சனத்துக்குத் தண்ணீர்க் கஷ்டம் தொடங்குகிற அடையாளமே அதுதான் என்பதும் எனக்குத் தெரியாது. அந்த அம்மாயி எங்களைக் கோயிலுக்குக் கூப்பிடவில்லை. எந்த மாதம் ஊற்றை அளக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். அதைத் தடுத்தவன் நான்.

கட்டியதும் விட்டதும்

ஊற்றைச் சுற்றிச் சீமெந்துப் பெட்டி, அதற்குக் கீழே கம்பி வலையில் சீமெந்து பூசிய 5,000 லீட்டர் ஃபெரோ சிமெண்ட் தொட்டி, அங்கிருந்து ஒரே பைப் லைன், லயத்துக்கு இரண்டாக எட்டுக் குழாய். தொட்டியிலிருந்து கடைசி லயத்துக்கு 85 மீட்டர் இறக்கம். போட்டது டைப் 600 பைப். பத்து மீட்டர் உயரத் தண்ணீர் கிட்டத்தட்ட ஒரு பார் அமுக்கம் தரும். டைப் 600 தாங்குவது ஆறு பார், அதாவது 60 மீட்டர். அதனால் வழியில் அமுக்கத்தை உடைக்க ஒரு சின்னத் தொட்டி கட்ட வேண்டும் என்று வரைபடத்தில் சரியாகவே போட்டிருந்தார்கள். கடைசி மூன்று நாளும் பேய்மழை. சீமெந்து இறுகாது, ப்ளைட்டுக்கு நாள் வந்துவிட்டது. அடுத்த குழு வந்து கட்டும் என்று அனுப்பி வைத்த அமைப்பு சொன்னது. அடுத்த குழு வேறு நாட்டுக்குப் போனது.

திறந்த அன்று பூசாரி தேங்காய் உடைத்தார். முதல் குடம் மாரியம்மனுக்குப் போனது. ஒரு தாய் குழாயைத் திறந்து மூடி, திரும்பத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டே நின்றார். இருபத்து நாலு மணி நேரமும் தண்ணீர் வரும் என்று நான்தான் மைக்கில் சொன்னேன்.

மாசி

2018 பெப்ரவரியில் தோட்டத் தலைவர் போன் எடுத்தார். “தம்பி, மேல் லயத்துக்கு மூணு நாளா சொட்டுத் தண்ணி இல்ல. கீழ ஓடுது. ஆளுக்கு ஆள் சண்டையாகிப் போச்சு.” அந்தக் கிழமைக் கடைசியில் போனேன்.

அதே 20 லீட்டர் வாளி. நிறைய 4 நிமிஷம் 10 விநாடி ஆனது. ஓகஸ்டில் ஓடியதில் இருபதில் ஒரு பங்குதான். நாள் முழுக்க ஓடினாலும் 7,000 லீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, ஆளுக்கு 25 லீட்டர். பேரிடர் முகாம்களில் ஒருவருக்கு ஆகக் குறைந்தது 15 லீட்டர் வேண்டும் என்பது உலக அளவில் வைத்திருக்கும் கணக்கு. அப்படிப் பார்த்தால் குடிக்கவும் சமைக்கவும் இந்தத் தண்ணீர் போதும். ஆனால் எட்டுக் குழாய் திறந்து கிடந்தால் போதாது. கீழ் லயத்தில் ஹோஸ் மாட்டி லீக்ஸ் பாத்திக்கு விட்டிருந்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எவ்வளவு இருக்கிறது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. எந்நேரமும் வரும் என்று மட்டும்தான் சொல்லியிருந்தோம்.

தலைவர் கூட்டம் கூட்டினார். இரவில் எல்லாக் குழாயையும் இறுக்கி மூடுவது, தொட்டி நிறையட்டும் என்று முடிவானது. நல்ல முடிவு. மூன்றாம் இரவே கீழ் லயத்துக்கு மேலே பைப் வெடித்தது. ஒட்டினோம், திரும்ப வெடித்தது. அதற்கு முன் ஆறு மாதமும் ஏதாவது ஒரு குழாய் எந்நேரமும் திறந்தே இருந்ததால் முழு அமுக்கம் பைப்பில் ஏறவே இல்லை. ஓடுகிற தண்ணீரை விட நின்ற தண்ணீர்தான் பைப்பை அதிகம் அழுத்தும். எல்லாரும் ஒழுங்காக மூடிய அன்றைக்குத்தான் 85 மீட்டர் உயரமும் ஒன்றாக அந்தப் பைப்பில் இறங்கியது. கட்டாமல் விட்ட அந்தச் சின்னத் தொட்டிக்காகத் தண்ணீரைச் சேமித்த சனம் தண்டனை அனுபவித்தது. இதை எழுதும்போது இப்போதும் எனக்கு மனசு ஆறவில்லை.

மறுநாள் காலையில் அம்மாயியோடு இஸ்தோப்பில் நின்றேன். நீர்த்தேக்கம் உள்வாங்கி, கரை முழுக்கச் செம்மண் தெரிந்தது. அதற்கு நடுவே, வெளுத்துப்போன கல் கட்டடம் ஒன்று. அவர் கையை நீட்டிக் காட்டினார்.

“சொன்னேனே தம்பி.”

வேறு ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்ச் சாயத்தண்ணி கொண்டு வந்து கொடுத்தார்.

அன்றைக்குப் பிள்ளை மடுவத்தில் (வேலை நேரத்தில் குழந்தைகளைப் பார்க்கும் இடம்) பெண்களை உட்கார வைத்து, ஒரு சாக்கை விரித்து, பன்னிரண்டு மாதத்துக்கும் கட்டம் போட்டோம். தண்ணீர் எவ்வளவோ அவ்வளவு தேயிலைக் கொட்டை வைக்கச் சொன்னேன். பேச்சுக் கொஞ்சம்தான், கை வேகமாக ஓடியது. ஆடியில் கொட்டை குவிந்தது. தைக்கு நாலு வைத்தார்கள். மாசிக்கு ஒன்று வைத்து, ஒருத்தி யோசித்து அதையும் பாதியாக உடைத்து வைத்தாள். வாளியும் மணிக்கூடும் கொண்டு நாங்கள் ஒரு நாளில் அளந்ததை விட இந்தச் சாக்கு அதிகம் தெரிந்து வைத்திருந்தது. மூன்று கிழமைக்கு வருகிறவர் பார்ப்பது ஊற்றின் மூன்று கிழமையைத்தான். முழு வருஷத்தையும் சுமந்தவர்கள் பத்தடி தூரத்திலேயே இருந்தார்கள்.

கண்ணாடி மாதிரித் தண்ணீர்

மே மாத மழையோடு தண்ணீர் திரும்பியது. ஜூனில் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். ஒரே கிழமையில் மேல் லயத்தில் மட்டும் எத்தனையோ வீட்டில். குழாயில் வந்த தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது, அதனால் யாரும் அதைச் சந்தேகப்படவில்லை.

தொண்டர்கள் ஒரு பெட்டி சோதனைப் போத்தல் விட்டுப் போயிருந்தார்கள். உள்ளே மருந்து தோய்த்த தாள் இருக்கும், தண்ணீரை விட்டு மூடி வைக்க வேண்டும். மலக்கிருமி கலந்த தண்ணீரென்றால் அதிலுள்ள பக்டீரியா ஐதரசன் சல்பைட்டு வாயுவை உண்டாக்கும். அது தாளில் உள்ள இரும்போடு சேர்ந்து கறுக்கும். இரண்டு நாளுக்குள் தெரிந்துவிடும். ஆனால் இந்த மலைக் குளிரில் கிருமி மெதுவாகத்தான் பெருகும். அதனால் போத்தல்களைத் துணியில் சுற்றி அம்மாயி வீட்டு அடுப்பங்கரையில் வைத்தோம். ஊற்றுப் பெட்டியில் ஒன்று, தொட்டியில் ஒன்று, மேல் லயக் குழாயில் ஒன்று, கீழ் பீலியில் ஒன்று. மறுநாள் காலையில் முதல் மூன்றும் மை மாதிரிக் கறுத்திருந்தன. பிள்ளைகள் முகத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார்கள். ஒரு தாய் போத்தலைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதையா புள்ளைக்குக் குடுத்தேன்” என்றார்.

காரணம் தேட அதிக தூரம் போக வேண்டியிருக்கவில்லை. ஊற்றுக்கு மேலே இருபதடியில் ஒரு மரக்கறித் தோட்டம், கோழி எரு போட்டது. அதற்குப் பக்கத்தில் மாடு கட்டுகிற இடம். மழைத்தண்ணீர் அதையெல்லாம் கழுவிக்கொண்டு ஊற்றுப் பெட்டியின் மூடி இடுக்கால் இறங்கியது. பெட்டிக்கு மேலே கான் வெட்டி வெள்ளத்தைத் திருப்பியிருந்தால் பாதி நின்றிருக்கும். அந்த மரக்கறித் தோட்டம் ஒரு விதவையுடையது. இரண்டு பிள்ளைகளை அதில்தான் படிக்க வைத்தார். தண்ணீருக்காக அதைப் பிடுங்கு என்று யார் சொல்வது? தலைவரும் கணக்கப்பிள்ளையும் தோட்ட மேனேஜரான தொரையிடம் போய்ப் பேசினார்கள். லயத்துக்குக் கீழே அதே அளவு நிலம் தருவதாக ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டதற்கும் அளந்து கொடுத்ததற்கும் நடுவே ஏழு மாதம் போனது. அதுவரை வேலி போட்டு, கான் வெட்டி, காய்ச்சிக் குடித்துச் சமாளித்தார்கள்.

இன்னொன்றும் இருந்தது. தொட்டி நிரம்பி வழிகிற தண்ணீரைச் சும்மா சரிவில் விட்டிருந்தோம். மழைக்காலத்தில் அது லயத்துக்கு மேலிருக்கும் மண்ணை ஊற வைத்துக்கொண்டே இருந்தது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியாபெத்தையில் லயங்களை மண் மூடியதை மறந்தவர்கள் மலையகத்தில் இல்லை. அந்தப் பக்கத்திலிருந்து வந்த நான் அதைக் கவனிக்காமல் விட்டேன். ஒரு வயசான தொழிலாளி சொல்லித்தான் வழிகிற தண்ணீரைக் கல் கட்டின கானுக்குத் திருப்பினோம்.

இரண்டாம் தடவை

எல்லாவற்றையும், அம்மாயி சொன்னதை நான் மாற்றிச் சொன்னது உட்பட, எழுதி அனுப்பினேன். அமைப்பிடமிருந்து மரியாதையான பதில் ஒன்று வந்தது. குழாய் வேலைக்காரரும் லண்டன் பிள்ளையும் பதில் எழுதவில்லை. 2019 பெப்ரவரிக் கடைசியில் சொந்தக் காசில் நேரே வந்து இறங்கினார்கள். அவள் வேலையில் சம்பளமில்லாத லீவு போட்டிருந்தாள். நல்ல வரட்சி, மார்ச்சில் மின்வெட்டு வரை போன வருஷம் அது. பழைய கோயில் நன்றாகவே தெரிந்தது.

இந்தத் தடவை முதல் நாலு நாளும் ஒரு கல்லையும் தூக்கவில்லை. பெண்களோடு பீலிக்கு ஏறி இறங்கினார்கள், ஊற்றைக் காலையும் மாலையும் அளந்தார்கள். அப்புறம் அவரும் தலைவரும் சேர்ந்து போட்ட திட்டம் இது. ஊற்றுக்குக் கீழே ஒரு சின்னப் பங்குப் பெட்டி. அதில் ஒரே மட்டத்தில், ஒரே அளவில் இரண்டு வாய். ஒன்று பழைய தொட்டிக்குப் போய் மேலிரண்டு லயத்துக்கு. மற்றது 40 மீட்டர் கீழே கட்டிய புதுத் தொட்டிக்குப் போய்க் கீழிரண்டு லயத்துக்கு. தண்ணீர் கூடினாலும் குறைந்தாலும் ஆளுக்குப் பாதி, பெட்டியைத் திறந்து யாரும் கண்ணால் பார்க்கலாம். புதுத் தொட்டி வழியிலேயே இருப்பதால் அமுக்கமும் அங்கே உடைந்துவிடும், அதற்குக் கீழே மிச்சம் 45 மீட்டர்தான். சண்டையும் பைப் வெடிப்பும் ஒரே தொட்டியில் தீர்ந்தன.

மாசியில் குழாய் திறப்பது காலை ஐந்திலிருந்து ஆறரை, மாலை நாலரையிலிருந்து ஆறு. துவைக்கவும் குளிக்கவும் கீழ் பீலி. சாவி இரண்டு, மேல் லயத்துப் பெண் ஒருவரிடமும் கீழ் லயத்துப் பெண் ஒருவரிடமும். பத்தாம் திகதி சம்பளம் போடுகிற அன்று வீட்டுக்கு 100 ரூபா. அதில் வால்வு பார்க்கிற அண்ணனுக்குக் கொஞ்சம், மிச்சம் தபால் கந்தோர்ப் புத்தகத்தில்.

கிருமிக்கு டி.சி.எல். என்கிற குளோரின் பவுடர். 5,000 லீட்டர் தொட்டிக்கு லீட்டருக்கு ஒரு மில்லிகிராம் கணக்கில் 5 கிராம் குளோரின் வேண்டும். பவுடரில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் குளோரின் இருக்கும் என்பதால் 17 கிராம் வரை போட வேண்டும். கரைத்து ஊற்றி அரை மணி நேரம் விட்ட பிறகே குழாயைத் திறப்பது. முதல் கிழமை ஒருவருக்கும் பிடிக்கவில்லை. தேத்தண்ணி ருசி கெட்டுவிட்டது என்றார்கள். தேயிலையோடு பிறந்து வளர்ந்த சனம், அந்த நாக்கை ஏமாற்ற முடியாது. கேத்தல் மூடியைத் திறந்து வைத்து நன்றாகக் கொதிக்க விட்டால் வாடை போய்விடும் என்று ஒரு அக்கா கண்டுபிடித்துச் சொன்ன பிறகுதான் ஒத்துக்கொண்டார்கள்.

பிரதேச சபை இதற்குள் வராதா என்று பலரும் கேட்பார்கள். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் இருந்தபடி தோட்டத்துக்குள் சபைக் காசைச் செலவழிப்பதில் முட்டுக்கட்டை இருந்தது. 2018இல் செய்த திருத்தத்துக்குப் பிறகுதான் அந்தக் கதவு திறந்தது. வாக்குப் போடுகிற சனத்துக்குச் சபையிடம் ஒரு குழாய் கேட்கிற உரிமை முப்பது வருஷம் பிந்தி வந்திருக்கிறது. அந்த உரிமையைச் சாவி வைத்திருக்கிற இரண்டு பெண்களும் இப்போது எழுத்தில் கேட்டு வாங்குகிறார்கள். ஒரு வால்வும் இரண்டு லெங்த் பைப்பும் அப்படி வந்தன.

2022இல் எல்லாச் சாமானும் விலை ஏறியபோது பைப் மூட்டு ஒன்று விட்டுப்போனது. புதுசு வாங்கக் காசு சேரும் வரை சைக்கிள் டியூபை வெட்டி இறுக்கிச் சுற்றி இரண்டு மாதம் ஓட்டினார்கள். மாதம் 100 ரூபாவை 150 ஆக்கினார்கள். தண்ணீர் ஒரு நாளும் முழுசாக நிற்கவில்லை.

இப்போது பிள்ளை மடுவத்துச் சுவரில் ஒரு கொப்பி தொங்குகிறது. மாதத்தில் முதல் ஞாயிறு வாளி நிறைய எத்தனை விநாடி என்று அதில் எழுதுகிறார்கள். எழுதுவது அம்மாயியின் பேத்தி, சாதாரண தரம் படிக்கிறாள். லயத்துக்கு மேலே 7 பேர்ச் காணியில் தனி வீடுகள் எழும்புகின்றன. அந்த வீடுகளுக்கு இந்த ஊற்று காணாது. பக்கத்து மலையில் இன்னொரு ஊற்றைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். உதவிக்கு வருகிறோம், ஓகஸ்டில் லீவு என்று ஒரு புதுக் குழு எழுதியிருந்தது. கூட்டத்தில் அதை நான் வாசித்துக் காட்டினேன். சாவி வைத்திருக்கிற அக்கா சொன்ன பதிலை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்து அனுப்பினேன்: வேலைக்கு எப்ப வேணும்னாலும் வாங்க, அளக்கிறதுக்கு மாசியில வாங்க. புது ஊற்றில் இதுவரை எட்டு மாதம் எழுதியாகிவிட்டது. மாசிக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது.